பிம்பிரியே: ‘ஏந்துகுஞ்சம்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பலோப்பியன் குழாயின் நுனியில் குஞ்சம்போல விரிந்திருக்கும் இழைகள்தான் பிம்பிரியே (fimbriae). அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு இந்தக் குழுவில் இதுவரை வந்த மூன்று சொற்களையும் பார்த்தேன்: விளிம்புத்தும்பு, விரல்நீட்சி, சூலேந்தி. யாழ்ப்பாணத்தில் தாதியப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு உடற்கூற்றைத் தமிழில் விளக்கிச் சொல்பவள் நான். சூலகம் (ovary), கருப்பை, மஞ்சட்சடலம் (corpus luteum) எல்லாம் உயர்தர உயிரியலிலேயே படித்து வருகிறார்கள். முட்டையைக் கருப்பைக்குக் கொண்டுசெல்லும் பலோப்பியன் குழாயின் நுனிக்கு வந்ததும் “விரல் மாதிரி ஒண்டு, மிஸ்” என்று நின்றுவிடுகிறார்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

குழாய் சூலகத்தோடு ஒட்டிய உறுப்பு இல்லை. அதன் வாய் வயிற்றறைக்குள் திறந்தபடி இருக்கிறது. ஓர் இழை மட்டுமே சூலகம்வரை நீண்டு பிடித்திருக்கும். முட்டை வெளியேறும் நேரத்தில் இந்த இழைகளில் குருதி நிறைந்து, அவை சூலகத்தின் மேற்பரப்பைத் தடவத் தொடங்குகின்றன. முட்டை அகப்பட்டதும் இழைகளில் உள்ள மயிர் போன்ற நுண்ணிய பிசிர்கள் கருப்பைப் பக்கமாக அடித்து அதை உள்ளே நகர்த்துகின்றன. சில வேளை இடப்பக்கச் சூலகத்து முட்டையை வலப்பக்கக் குழாய் எடுத்துக்கொள்வதும் உண்டு. “ஒரு ரியூப்பை எடுத்துப் போட்டினம், இனிப் பிள்ளை தங்குமோ?” என்று கிளினிக்கில் கேட்கும் பெண்ணுக்கு, மற்றக் குழாய் நன்றாக இருந்தால் நம்பிக்கையோடு சொல்லக்கூடிய விளக்கம் இது.

இனி சொற்கள். தும்பு என்றால் இங்கே தென்னந்தும்பும் தும்புத்தடியும்தான் கண்ணில் நிற்கும். காய்ந்த பொருள். உயிரோடு அசையும் ஈரமான இழையத்துக்கு அது பொருந்தாது. விரல்நீட்சி என்றால் சிறுகுடலின் சடைமுளையோடு (villi) குழம்பும். அதையும் விரல் போன்றது என்றுதானே சொல்லிக்கொடுக்கிறோம்.

சூலேந்தி அழகான சொல். குழுவில் ஐயா ஒருவர் அதை முன்வைத்தபோது எனக்கும் பிடித்தது. ஆனால் பேச்சில் சூல் என்றால் கர்ப்பம். கர்ப்பத்தைத் தாங்குவது கருப்பை என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். முட்டையை எடுக்கும் உறுப்பு என்பது அங்கே மறைந்துபோகும்.

ஆகவே ‘ஏந்துகுஞ்சம்’ என்கிறேன். இலத்தீன் சொல்லின் பொருளும் ஆடை விளிம்புக் குஞ்சம்தான். சேலைத் தலைப்பில் பார்த்த பிள்ளைக்கு வடிவம் உடனே பிடிபடும். ஏந்து என்பது கையை நீட்டி வாங்கும் வினை. வினைத்தொகை ஆகையால் ஒற்று மிகாது. முழு அமைப்பு ஏந்துகுஞ்சம், ஒவ்வொரு கிளையும் குஞ்ச இழை, சூலகத்தைப் பிடித்திருப்பது சூலகக் குஞ்ச இழை. பக்டீரியாவிலும் மூளையிலும் இதே ஆங்கிலப் பெயர் வருகிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அங்கே ஏந்தும் வேலை இல்லை. வேறு சொல் வைத்துக்கொள்வோம்.

சொல் இல்லாததால் நோயையும் விளக்க முடியவில்லை. கிளமிடியா, கொனோரியா தொற்றுகளால் இந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி வாய் அடைபட்டுவிடலாம். சூலகப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் மிகப் பரவலான வகையில் பல, சூலகத்தில் அல்லாமல் இந்தக் குஞ்சத்தில்தான் தொடங்குகின்றன என்பது இப்போது தெரிந்த செய்தி. இனிப் பிள்ளை வேண்டாம் என்ற பெண்ணுக்குக் கருப்பையை எடுக்கும்போது, சூலகத்தை விட்டுவிட்டுக் குழாய்களையும் சேர்த்து எடுப்பது இதனால்தான். சத்திரசிகிச்சைக்கு ஒப்பமிடும் பெண்ணுக்கு இதைத் தமிழில் சொல்லியாக வேண்டும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். அதற்காகச் சொற்களும் ஆக்கப்பட்டன. இது எங்கள் ஊருக்குப் பழக்கமான வேலைதான்.

குழாய் என்பதை மாற்ற வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தக் குழாய்க்குப் பெயர் தந்த இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பலோப்பியோ, 1561இல் வெளியான தன் நூலில் அதை எக்காளத்துக்கு ஒப்பிட்டார். அகன்று விரியும் வாய்தான் காரணம். குழல் என்றால் குழாய், ஊதும் கருவி என்ற இரண்டு பொருளும் வரும். ஆனாலும் பலோப்பியன் குழாய்க்குக் கருக்குழாய் என்ற பெயர் ஊன்றிவிட்டது, கருக்கட்டலும் அதற்குள்தான் நடக்கிறது. அதைத் தொட வேண்டாம்.

அப்புறம், கருக்கட்டல் நடக்கும் அகன்ற பகுதியான அம்புல்லாவுக்கு ‘குழாய்விரிவு’ போதுமா? தாதியரும் குடும்பநல மாதுகளும் இந்தக் குழுவில் இருந்தால் முதலில் அவர்கள் சொல்லட்டும்.