‘இயக்கப் புரதம்’ வேண்டாம், ‘உந்துபுரதம்’ ஆகட்டும்

வணக்கம்.

கலத்தினுள் தானே நகர்ந்து வேலைசெய்யும் புரதவகையான மோட்டர் புரோட்டீன் என்பதை ‘இயக்கப் புரதம்’ என்று எழுதலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. தனித்து நிற்கையில் அச்சொல்லில் குறை தெரியாது. ஆனால், நாம் தமிழில் எழுதிவரும், அவ்வகைப் புரதங்களுள் ஒன்றான கினேசின் 5ஏயின் பரம்பரையலகு (ஜீன்) பற்றிய பகுதியில் அதை இட்டுப் பார்த்தால் ‘இயக்கப் புரதத்தில் நேரும் விகாரம் இயக்க நரம்புக்கல நோய்க்குக் காரணமாகலாம்’ என்றொரு வாக்கியம் வருகிறது. இதைப் படிக்கும் உயர்தர மாணவர், இப்புரதம் தசைகளை ஏவும் நரம்புக்கலங்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிக்கொள்வார். உண்மையோ வேறு. இதன் உறவுப் புரதமான கினேசின் 5பி உடலின் பெரும்பாலான கலங்களில் வேலை செய்கிறது. 5ஏ பெரிதும் நரம்புக்கலங்களில் காணப்பட்டாலும், அதன் விகாரங்கள் (பரம்பரையலகில் நேரும் மாற்றங்கள்) சிலரில் புலன் நரம்புகளையும் பாதிக்கின்றன. ஆங்கிலம் இப்புரதத்துக்கும் தசைகளை ஏவும் நரம்புக்கலத்துக்கும் ‘மோட்டர்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறது என்பதற்காக நாமும் அந்தக் குழப்பத்தைச் சுமக்கவேண்டியதில்லை.

பெயரிடுமுன் அப்புரதம் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். முண்ணாணிலிருந்து பாதம்வரை செல்லும் ஒரு நரம்புக்கலத்தின் முளை (கலவுடலிலிருந்து நீளும் இழை) ஏறக்குறைய 1 மீற்றர் நீளமுடையது. அதன் முனைக்குத் தேவையான புரதங்களிற் பெரும்பகுதி மறுமுனையிலுள்ள கலவுடலிலேயே தொகுக்கப்படுகிறது. அவற்றைக் கலத்தினுள் தண்டவாளங்கள்போல் அமைந்த நுண்புன்குழாய்களின் வழியே முனைக்குக் கொண்டுசெல்பவை கினேசின்கள். முனையிலிருந்து கலவுடலுக்குத் திருப்பிக் கொண்டுவருவது டைனீன். கினேசினுக்கு இரண்டு ‘தலைகள்’ உண்டு (கால்கள் என்று பெயரிட்டிருந்தால் மாணவர்களுக்கு எளிதாக இருந்திருக்கும்). கலத்துக்குச் சக்தி தரும் ஏ.ரி.பி. மூலக்கூறு ஒன்று நீர்ப்பகுப்படையும்போது, பின்னால் இருந்த தலை முன்னால் வந்து பற்றிக்கொள்ள, புரதம் 8 நனோமீற்றர் முன்னேறுகிறது. இவ்வாறு நொடிக்கு ஏறக்குறைய 800 நனோமீற்றர் செல்லும் புரதம் இடையில் நில்லாமலே சென்றாலும் அந்த 1 மீற்றரைக் கடக்க இரண்டு வாரமாகும். உண்மையில் ஒரு கினேசின் நூறு அடிகள் அளவில் எடுத்துவைத்தபின் குழாயிலிருந்து கழன்றுவிடுவதால், ஒரே சுமையைப் பல மூலக்கூறுகள் சேர்ந்தும் மாறிமாறியும் இழுக்கவேண்டியிருக்கிறது.

ஆகவே, இது வேதிச் சக்தியைச் செலவிட்டுத் தன்னைத்தானே உந்திச் செல்லும் புரதம். ‘உந்துபுரதம்’ என்று நான் முன்மொழிவதற்குக் காரணம் அதுவே. மோட்டர் சைக்கிளை உந்துருளி என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் சொல் அந்நியமாகத் தோன்றாது. தசையைச் சுருக்கும் மயோசினுக்கும் டைனீனுக்கும் அதே பொதுப்பெயர் பொருந்தும். பௌதிகத்தில் ‘உந்தம்’ என்ற சொல் வேறு பொருளில் வழங்குகிறதே என்று ஒருவர் கேட்கலாம். பெயரடையாக வரும் ‘உந்து’வையும் பெயராக வரும் ‘உந்த’த்தையும் எந்த மாணவரும் மயங்கி வாசிக்கமாட்டார்.

‘காவிப் புரதம்’ என்ற மாற்று யோசனை செவிக்கு இனிது. ஆயினும் மென்சவ்வின் ஊடாகப் பதார்த்தங்களைக் கடத்தும் புரதங்களுக்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். குருதி உறையாமை நோயின் பரம்பரையலகைத் தாங்கும் தாயையும் ‘காவி’ என்றே அழைக்கிறோம். ‘சுமைப் புரதம்’ என்பதோ, புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமையை மூட்டை என்று கூப்பிடுவதைப் போன்றது. ஏற்றிச் செல்லப்படும் இழைமணியையும் (மைட்டோகொண்ட்ரியா) புடகத்தையும் (மென்சவ்வாலான நுண்பை) ‘காவுபொருள்’ எனலாம். செயலைக் ‘கடத்தல்’ என்னாமல் ‘கொண்டுசெல்லல்’ என்றே எழுதுவோம். நரம்பைப் பொறுத்தவரை ‘கடத்தல்’ கணத்தாக்கத்துக்கு, அதாவது நரம்பு வழியே செல்லும் மின்சைகைக்கு, உரிய சொல்லாகிவிட்டது.

கினேசின் என்ற குடும்பப் பெயரைத் தமிழாக்க வேண்டாம் என்பது என் கருத்து. அரசகரும மொழித் திணைக்களத்தின் பழைய சொற்றொகுதிகளில் இதைத் தேடிப் பயனில்லை. கணவாயின் பெருநரம்பிழையில் ஆராய்ந்த வேல், ரீஸ், ஷீட்ஸ் ஆகியோர் 1985இல்தான் இதை அடையாளங்கண்டு பெயரிட்டனர். இன்சுலினை ஏற்றுக்கொண்டதுபோல இதையும் ஏற்றுக்கொள்ளலாம். பரம்பரையலகின் குறியீட்டையும் ‘கே.ஐ.எஃப். 5ஏ’ என்று ஒலிபெயர்த்தால் போதும். ஆனால் ஆங்கில நூல்களில் பரம்பரையலகின் பெயர் சாய்வெழுத்திலும் புரதத்தின் பெயர் நேரெழுத்திலும் அச்சாகின்றன. தமிழில் அவ்வழக்கம் வேரூன்றாததால், ‘பரம்பரையலகு’ அல்லது ‘புரதம்’ என்ற சொல்லை ஒவ்வொருமுறையும் பின்னால் சேர்ப்பதைக் கட்டாயமாக்குவோம். அச்சுப்பிரதி பார்ப்பவருக்கு அது சலிப்பூட்டும் என்பதை அறிவேன்.

தொடக்கத்தில் காட்டிய வாக்கியம் இனி இவ்வாறு அமையும்: ‘12ஆம் நிறமூர்த்தத்திலுள்ள கே.ஐ.எஃப். 5ஏ பரம்பரையலகு, 1032 அமினோ அமிலங்களைக் கொண்ட ஓர் உந்துபுரதத்துக்கான குறியீட்டைத் தாங்குகிறது. தலைப்பகுதியில் நேரும் விகாரங்கள் கால்களை விறைக்கச்செய்யும் ஒரு பரம்பரை நோயைத் தருகின்றன என்பது 2002இலும், வாற்பகுதியின் விகாரங்கள் இயக்க நரம்புக்கல நோய்க்குக் காரணமாகின்றன என்பது 2018இலும் அறியப்பட்டன.’

இன்னும் ஒரு சொல் எஞ்சியிருக்கிறது. காவுபொருள் இல்லாத வேளையில் இப்புரதத்தின் வால் (காவுபொருளைப் பிடிக்கும் மறுமுனை) மடிந்து தலையைத் தடுத்து வைக்கிறது. 2018இல் இனங்காணப்பட்ட விகாரங்களில் இந்தத் தடைதான் கெடுகிறது. நொதியங்களின் செயலைத் தடுக்கும் பொருளை ‘நிரோதி’ என்று எழுதிவருவதால் இதனைத் ‘தன்னிரோதம்’ என்று குறித்துவைத்துள்ளேன். இதைவிடத் தெளிவான சொல் கிடைத்தால் அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடலாம்.