புதுமைப்பெண், ஐடிஐ உதவித்தொகை, முதல் பட்டதாரி: எது எதோடு சேரும், பணம் எங்கே நிற்கிறது?

நூலகத்திண்ணை:
எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரி, ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) படிவங்கள் நிரப்பித் தருகிறோம். மூன்று பேர் விஷயத்தில் தெளிவு வேண்டும்.

முதலாவது, பி.எஸ்சி. முதலாண்டு மாணவி. மிகவும் பிற்படுத்தப்பட்ட (மி.பி.வ.) வகுப்பு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டத்தில் ஒப்புதல் ஆகிவிட்டதாகக் கல்லூரியில் சொல்கிறார்கள். நான்கு மாதமாக ஒரு ரூபாய் வரவில்லை. வங்கியில் கேட்டால் "ஆதார் லிங்க் ஆகித்தானே இருக்கு" என்று அனுப்பிவிடுகிறார்கள். இதோடு பி.வ., மி.பி.வ. கல்வி உதவித்தொகைக்கும் போட்டால் இந்த ஆயிரம் நின்றுபோகுமா?

இரண்டாவது, பத்தாவது முடித்த பையன். அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் சேர ஆசை. ஐடிஐ போனால் அப்புறம் காலேஜே கிடையாது என்று வீட்டில் தயங்குகிறார்கள்.

மூன்றாவது, பொறியியல் கலந்தாய்வுக்குப் போகும் மாணவன். எட்டாவது வரை தனியார் பள்ளியில் ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்ட) இடம், ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5% இடஒதுக்கீடு கிடைக்குமா? முதல் பட்டதாரிச் சான்றும் வாங்கி வைக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். ஆதார் லிங்க் வேறு, ஆதார் சீடிங் வேறு. கவுன்ட்டரில் இருப்பவர் பார்த்துச் சொல்வது, அந்த வங்கியின் சொந்தக் கணினியில் ஆதார் எண் ஏறியிருக்கிறதா என்பதை. அரசுப் பணம் அதைப் பார்த்து வருவதில்லை. வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் அமைப்பான என்.பி.சி.ஐ. வைத்திருக்கும் பட்டியலில் ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரே ஒரு வங்கிதான் இருக்கும். அந்தப் பட்டியலில் ஏற்றுவதுதான் சீடிங்; கடைசியாக எந்த வங்கி சீட் செய்ததோ அதற்குத்தான் பணம் போகும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண் அங்கே செல்லாது.

பார்க்கும் வழி எளிது. ஆதார் தளத்தில் மாணவியின் எண்ணைப் போட்டு, அவருடைய கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கொடுத்து உள்ளே போங்கள். வங்கி சீடிங் நிலை என்ற பகுதியைத் திறந்தால் வங்கியின் பெயர், ஆக்டிவா இன்ஆக்டிவா, கடைசியாக மாற்றிய தேதி மூன்றும் தெரியும். வேறு வங்கியின் பெயர் இருந்தால் முதலில் அந்தப் பாஸ்புக்கைத் தேடிப் பாருங்கள், பணம் அங்கேயே விழுந்து கிடக்கலாம். பள்ளி நாளில் திறந்த கணக்கு, அஞ்சலக வங்கிக் கணக்கு இரண்டும்தான் அடிக்கடி இப்படி மாட்டுகிறவை. இன்ஆக்டிவ் என்றால் கிளையில் "டிபிடி (நேரடிப் பணப் பரிமாற்ற) சீடிங் ஒப்புதல் படிவம்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொத்தாம்பொதுவாக ஆதார் படிவம் என்றால் மறுபடி கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) படிவத்தைத்தான் நீட்டுவார்கள். சீடிங் முடிந்ததும் பழைய கணக்கை மூடிவிடுவது நல்லது.

தாலுக்காவாசல்:
கணக்குப்பிள்ளை சொன்னதில் கடைசி வரிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. புதிய வங்கி சீட் செய்தாலே பழையது தானாக விலகிவிடும். அவசரப்பட்டுப் பழைய கணக்கை முதலில் மூடினால், பட்டியலில் பழைய வங்கியே நிற்கும். பணம் போய் மோதித் திரும்பும். புது வங்கியின் பெயர் ஆதார் தளத்தில் ஆக்டிவ் என்று தெரிந்த பிறகு மூடுவதானால் மூடுங்கள்.

மி.பி.வ. உதவித்தொகைக்குத் தாராளமாகப் போடலாம். வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களும் புதுமைப்பெண் பெறலாம் என்பது விதியிலேயே இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் கல்லூரி மாணவர் விவரத் தளமான யுஎம்ஐஎஸ்ஸில்; அதற்கான யுஎம்ஐஎஸ் எண்ணைக் கல்லூரி நோடல் அலுவலர்தான் தருவார். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும், போன வருடத்துச் சான்றை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். இ-சேவையில் ரூ.60. விண்ணப்பிக்குமுன் கேன் எண்ணில் (இ-சேவையில் உங்கள் பதிவு எண்) இருக்கும் பெயரை ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருப்பதுதான் பெரும்பாலான தலைவலி.

கேட்காத ஒன்று: உங்களிடம் வரும் ஆதிதிராவிட மாணவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவர் கணக்கில் நேராக விழும். அதில் கல்லூரிக் கட்டணமும் அடக்கம். 7 நாளுக்குள் கல்லூரியில் கட்ட வேண்டும் என்பது விதி. செலவுக்கு வந்த காசு என்று நினைத்து எடுத்துவிட்டால் பிறகு ஹால் டிக்கெட்டில் வந்து நிற்கும்.

ஃபிட்டர்பட்டறை:
ஐடிஐ பற்றி. கதவு மூடாது. பத்தாவது தேறி இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாமாண்டு சேரலாம். தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழித்தாள் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணைச் சான்றும் உண்டு, அதை வைத்துப் பட்டப்படிப்புக்குப் போகலாம். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டும் இரண்டாண்டுப் பிரிவுகள். வெல்டர் ஓராண்டுதான், சீக்கிரம் முடிகிறதே என்று அதில் சேர்ந்தால் இந்த வழி அப்படியே பொருந்தாது. வீட்டாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் ரூ.750, சைக்கிள், சீருடை, காலணி, புத்தகம், வரைபடக் கருவிகள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால், புதுமைப்பெண் போலவே மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் ரூ.1,000 தனி, ஆக மாதம் ரூ.1,750. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இந்த ஆயிரம் பொருந்தும்.

முடித்த கையோடு அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) பதிவையும் போட்டு வையுங்கள். 2019 விதிப்படி ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ.7,000 என்று வைத்தார்கள். கம்பெனிக்காரர் "டிரெய்னி" என்று எழுதிக் கொடுத்தால் அது அப்ரண்டிஸ் ஆகாது. அப்ரண்டிஸ்ஷிப் தளத்தில் ஒப்பந்தம் ஏறி, ஒப்பந்த எண் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு சேரச் சொல்லுங்கள்.

தாலுக்காவாசல்:
மூன்றாவது மாணவன் விடுபட்டுவிட்டான். எட்டு வரை ஆர்டிஇ, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் 7.5% இடஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. ஆனால் தனியார் பள்ளியில் படித்தது ஆர்டிஇ இடத்தில்தான் என்பதற்குக் காகிதம் வேண்டும். பழைய பள்ளியில் இப்போதே போய்க் கேளுங்கள்; சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று ஓடிப் பயனில்லை.

7.5 சதவீதத்தில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும், முதல் பட்டதாரிச் சலுகைக்கு வேலையே இல்லை. இருந்தாலும் சான்றை வாங்கி வைக்கச் சொல்வேன். அவன் விரும்பும் கல்லூரி பொது ஒதுக்கீட்டில் அமைந்தால் அப்போது அதுதான் கைகொடுக்கும். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. இ-சேவையில் ரெவ்-104 என்று இருப்பதுதான் இந்தச் சான்று. மாணவனும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திடும் உறுதிமொழி, வீட்டில் உள்ளவர்களின் படிப்புச் சான்று எல்லாம் கேட்பார்கள். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அதே சலுகையில் படித்திருந்தால் கிடைக்காது; மறைத்துப் போட்டால் வி.ஏ.ஓ. விசாரணையிலேயே வெளியே வந்துவிடும்.

நூலகத்திண்ணை:
மாணவியின் சீடிங் நிலையைப் பார்த்தோம். ஆக்டிவ்தான், ஆனால் அஞ்சலக வங்கியின் பெயர். ஆறாவது படிக்கும்போது திறந்த கணக்காம், அட்டை இருக்கிறது, சிம் மாறிவிட்டது. நேரே அஞ்சலகம் போய் விரல்ரேகை வைத்தே இருப்பைப் பார்க்கலாமா?

கணக்குப்பிள்ளை:
பார்க்கலாம். தபால்காரரிடம் இருக்கும் கருவியிலேயே விரல்ரேகை வைத்து இருப்பும் பார்க்கலாம், பணமும் எடுக்கலாம். அந்தக் கணக்கையே வைத்துக்கொள்வதானால் புது கைபேசி எண்ணை அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள், சீடிங்கைத் தொட வேண்டாம்.