சிகாகோவில் நிற்கும் யு-505: உள்ளே போய்ப் பார்த்தவனின் அனுபவம்

இரண்டாம் உலகப் போரில் ஓடிய யு-995 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலை ஜெர்மனியில் லாபோ கடற்கரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் எழுதியிருந்ததைப் படித்ததும் நானும் எழுதலாம் என்று தோன்றியது. நான் பார்த்தது சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கும் யு-505, அதுவும் அதே போரில் ஓடிய ஜெர்மன் நீர்மூழ்கிதான். 1944-இல் அமெரிக்கக் கடற்படை அதை நடுக்கடலில் மூழ்க விடாமல் பிடித்த கதைதான் அங்கே பெரிதாகச் சொல்லப்படுகிறது. நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் அந்த நீர்மூழ்கி யாரை எல்லாம் மூழ்கடித்தது, அதன்பின் அதற்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால் பார்க்கிற ஒவ்வொன்றும் வேறாகத் தெரிகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் பிரம்மாண்டம். 76 மீட்டர் நீளம், நிலத்தடிக் கூடத்தில் முழுசாக நிற்கிறது. உள்ளே காலை வைத்ததும் அந்தப் பிரமிப்பு போய்விடும். நடக்கிற வழி நம் ஊர் ஸ்லீப்பர் கோச்சின் நடையை விட ஒடுக்கம். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு வட்டமான இரும்பு வாசலில் ஒரு காலைத் தூக்கி, தலையைக் குனிந்து நுழைய வேண்டும். டார்பிடோ, அதாவது நீருக்குள் பாய்ந்து போய்க் கப்பலைத் தாக்கும் வெடிகுண்டு, வைத்திருக்கும் அறையில் அதற்குப் பக்கத்திலேயே படுக்கைகள். ஒருவர் காவலுக்கு எழுந்து போனால் இன்னொருவர் வந்து அதே படுக்கையில் விழுவார். குளிக்க இடம் கிடையாது. இப்படி ஐம்பது அறுபது பேர் மாதக்கணக்கில் இருந்திருக்கிறார்கள்.

ஹாம்பர்கில் கட்டி, 1941 ஆகஸ்ட்டில் படையில் சேர்த்தார்கள். பிரான்ஸின் லோரியான் துறைமுகம்தான் அதன் தளம். 9சி வகை, அதாவது தொலைதூரக் கடலுக்கென்றே செய்தது. வட அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸின் நீர்மூழ்கிகள் ஓநாய்க் கூட்டமாகச் சேர்ந்து கான்வாய்களை, அதாவது போர்க்கப்பல் காவலோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களை, தாக்கிக்கொண்டிருந்தபோது, இதை மேற்கு ஆப்பிரிக்கப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே ஃப்ரீடவுன் துறைமுகத்தில்தான் பிரிட்டனுக்குப் போகும் கப்பல்கள் கான்வாயாகத் திரளும். திரள்வதற்கு முன்னால் பல கப்பல்கள் துணையில்லாமல் தனியாக வரும், அவைதான் இதன் இலக்கு. 1942 மார்ச் தொடக்கத்தில் பென்மோர் என்ற பிரிட்டிஷ் கப்பல், மறுநாளே சைதாவ் என்ற நார்வே எண்ணெய்க் கப்பல், அடுத்த மாதம் இன்னும் இரண்டு. எண்ணெய்க் கப்பலில் டார்பிடோ பட்டால் அதில் இருந்தவர்கள் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஜூன், ஜூலையில் மேற்கு அட்லாண்டிக்கிலும் கரீபியனிலுமாக மூன்று. அதில் ஒன்று முதல் பயணத்தில் இருந்த தாமஸ் மெக்கீன் என்ற லிபர்ட்டி கப்பல் (போருக்காக அமெரிக்கா மொத்தமாகக் கட்டித் தள்ளிய சரக்குக் கப்பல்களில் ஒன்று), இன்னொன்று கொலம்பியாவின் சிறு பாய்மரக் கப்பல். அந்தப் பாய்மரக் கப்பலை மூழ்கடித்த பிறகுதான் தங்களுக்குக் கேடு பிடித்தது என்று மாலுமிகளே நம்பினார்களாம்.

கேடு உண்மையிலேயே வந்தது. குடல்வால் நோய் வந்து முதல் கேப்டன் லோவெ விலக, பீட்டர் ட்ஷெக் பொறுப்பேற்றார். 1942 நவம்பரில் டிரினிடாட் பக்கம் ஓஷன் ஜஸ்டிஸ் என்ற கப்பலை மூழ்கடித்தார்கள். அது எட்டாவது, கடைசியும் அதுதான். மூன்றே நாளில் பிரிட்டிஷ் விமானப்படையின் ஹட்சன் விமானம் ஒன்று மிகத் தாழ்வாக வந்து குண்டு போட்டது. குண்டு மேல்தளத்திலேயே வெடித்து, அந்த அதிர்ச்சியில் விமானமும் கடலில் விழுந்து அதில் இருந்த அத்தனை பேரும் இறந்தார்கள். நீர்மூழ்கி எப்படியோ ஒட்டுப்போட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு லோரியான் வந்து சேர்ந்தது. மாதக்கணக்கில் பழுதுபார்ப்பு.

இங்கேதான் எனக்கு யோசனை நிற்கிறது. 1943 மே மாதம் மட்டும் ஜெர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்தது. புது ரேடார், நெடுந்தூர விமானங்கள், கான்வாயோடு வரும் சிறு விமானந்தாங்கிகள், ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்தது என எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த மாதம் அது. அப்போது யு-505 துறைமுகத்தில் பழுதாகிக் கிடந்தது. அந்தக் குண்டு விழாமல் இருந்திருந்தால் இன்று அது சிகாகோவில் நின்றிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

பழுது பார்த்து வெளியே போனால் போன வேகத்தில் திரும்பி வந்தது, ஒருமுறை அல்ல, பலமுறை. பிரெஞ்சுத் தொழிலாளர்கள் துணிச்சலாகச் செய்த நாசவேலை. டீசல் தொட்டியில் பென்சில் பருமனுக்கு ஓட்டை போட்டிருந்தார்கள். கடலில் எண்ணெய்த் தடம் விட்டுக்கொண்டு எந்த நீர்மூழ்கி ஒளிந்திருக்க முடியும்? மற்ற கப்பல்கள் போனவை திரும்பாமல் இருக்க, ட்ஷெக் மட்டும் தவறாமல் திரும்பிவிடுவார் என்று துறைமுகத்தில் கேலி பேசினார்கள். 1943 அக்டோபர் 24 அன்று, சுற்றி டெப்த் சார்ஜ் (நீருக்கடியில் வெடிக்கும் குண்டு) வெடித்துக்கொண்டிருந்தபோது, கட்டுப்பாட்டு அறையில் தன் ஆட்கள் மத்தியிலேயே அவர் தன்னைச் சுட்டுக்கொண்டார். துணை அதிகாரி பால் மேயர் உடனே பொறுப்பேற்று கப்பலையும் ஆட்களையும் காப்பாற்றிக் கொண்டுவந்தார்.

அந்த அறையில் நான் நின்றேன். பெரிஸ்கோப்பைச் சுற்றி வால்வுச் சக்கரங்களும் அளவுமானிகளும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. பத்துப் பேர் நின்றால் தோள் இடிக்கும். வழிகாட்டி விளக்கை அணைத்து வெடிச் சத்தம் போட்டுக் காட்டும்போது குழந்தைகள் கத்தினார்கள், எனக்கு மேயர் நினைவுதான். வெளியே வெடி, காலடியில் தங்கள் கேப்டன். அந்த நிலையில் நிதானமாக உத்தரவு கொடுக்க எப்படி முடிந்தது?

பிடிபட்ட கதை பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1944 ஜூன் 4, ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படைக் கேப்டன் டேனியல் கேலரியின் அணி, டெப்த் சார்ஜ் போட்டு இதை மேலே வரவைத்தது. சுக்கான் சிக்கி வட்டமடித்துக்கொண்டிருந்த கப்பலில் ஆல்பர்ட் டேவிட் தலைமையில் சில பேர் குதித்து ஏறினார்கள். தண்ணீர் உள்ளே கொட்டுகிறது, எங்கே வெடிமருந்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது, அந்த நிலையில் செனான் லுகோசியஸ் என்பவர் திறந்து கிடந்த கடல்நீர் வடிகட்டியின் மூடியைத் தேடிப்பிடித்து மாட்டினார். கூடவே எனிக்மா என்ற சங்கேதச் செய்தி எந்திரமும் சங்கேதப் புத்தகங்களும் கிடைத்தன. ஜெர்மானியர் 59 பேரில் ஒருவர்தான் இறந்தார். மிச்சப் பேரை லூசியானாவில் யாருக்கும் தெரியாமல் அடைத்து வைத்ததால், வீட்டில் இருந்தவர்கள் அவர்கள் இறந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று: உள்ளே ஏற தனிச் சீட்டு வேண்டும், விடுமுறை நாளில் முன்பே எடுத்துவிடுங்கள். போவதற்கு முன்னால் அந்த எட்டுக் கப்பல்களின் கதையைத் தேடிப் படியுங்கள், அவற்றில் இருந்தவர்களும் சம்பளத்துக்கு வேலை பார்த்த மாலுமிகள்தான். அப்புறம், இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் பக்கம் துண்டுதுண்டாக வெட்டி வைத்திருக்கும் யு-534-ஐப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், கேட்க ஆசை.