இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ரீவ் (வெண்கலக் காலத்துக் கல் வரப்பு) பார்த்தவர்கள் உண்டா?

முதலில் என் கதை. டார்ட்மூரின் ஒரு பகுதியான ஹோல்ன் மூருக்கு முதல் தடவை போனது ஆகஸ்டில். இடுப்பு வரை பெரணி. வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அரை மணி நேரம் அலைந்தேன். கால் ஒரு மேட்டில் தட்டி விழப்போனேன், அவ்வளவுதான். அந்த மேடுதான் ரீவ் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. கல்லை அடுக்கி, மேலே புல் மூடிப்போன வரப்பு. வயது மட்டும் ஏறத்தாழ 3,500 வருடம்!

அடுத்த தடவை பிப்ரவரியில் போனேன். பெரணியெல்லாம் காய்ந்து படுத்திருந்தது. கோம்ப்ஸ்டோன் டோர் பாறை ரோட்டை ஒட்டியே இருக்கிறது, ஏறவும் வேண்டாம். நாலு மணி வெயில் சரிந்ததும் டார்ட் ஆற்றுக்கு அக்கரைச் சரிவில் கோடு கோடாக நிழல் விழுந்தது. எல்லாம் ஒரே திசையில். ஆறு அவ்வளவு ஆழமாக அறுத்துக்கொண்டு போகிறது, இந்தக் கோடுகள் அதைச் சட்டையே செய்யாமல் இக்கரையிலும் அதே சாய்வில் தொடர்கின்றன. வெண்கலக் காலத்தில் யார் கயிறு பிடித்தார்களோ.

பதில்: நான் கிரேட் வெஸ்டர்ன் ரீவ் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தேன். முழு நீளம் 10 கிலோமீட்டருக்கு மேல். ஏதோ பழைய பாதை என்றுதான் நினைத்தேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, 19-ஆம் நூற்றாண்டு ஆராய்ச்சியாளர்கள் பலரும் அப்படியே நினைத்தார்கள். 1970-களில் தொல்லியலாளர் ஆண்ட்ரூ ஃபிளெமிங் மலை மலையாக நடந்து பார்த்த பிறகுதான், ரீவ்கள் மேட்டுநிலம் முழுவதையும் பங்கு பிரித்த வயல், மேய்ச்சல் எல்லை என்பது தெளிவானது.

பதில்: டார்ட்மூரிலேயே இருக்கும் ஷா மூர் பற்றி யாரும் சொல்லவில்லையே? சீனக்களிமண் (பீங்கான் செய்யும் வெள்ளைக் களிமண்) சுரங்கக் கழிவு கொட்டுவதற்கு முன்னால் அங்கே அகழ்ந்தார்கள். ரீவை ஒட்டிய பள்ளத்தின் அடியில் மாடு, ஆடு, குதிரைக் குளம்புத் தடங்கள் அப்படியே பதிந்திருந்தன. நான் போனபோது ஒரே மூடுபனி. வரப்பின் மேல் ஒரு செம்மறி மட்டும் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

முதலில் எழுதியவர்: சரி, அப்போ மார்ச்சில் பெரணி முளைக்கும் முன் ஷா மூர் போகலாமா? பிளிமத் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள்.