டெஸ்பாட்ச் தம்பிக்கு வந்த போன்

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு தோல் ஷாப்புல நான் ஃபினிஷிங் செக்‌ஷன்ல இருந்தப்போ நடந்தது, கம்பெனி பேரு வேணாம். ஒரு வெளிநாட்டு பையருக்கு ஷூ அப்பர் லெதர் (ஷூவோட மேல்பாகத்துக்கான தோலு) போய்ட்டு இருந்துச்சு, அந்த பர்கண்டி ஷேடு வர்றதுக்கு எங்க டெக்னீஷியன் உசுரக் குடுத்து வேல பாத்தாரு. பிக்மென்ட் எவ்ளோ, பைண்டர் எவ்ளோ, எத்தன கோட்டு ஸ்ப்ரே, சூடான தகட்டுல அழுத்துற பிளேட்டிங்குக்கு எவ்ளோ சூடுன்னு எல்லாத்தயும் ஒரு அட்டைல எழுதி, சாயங்காலம் ஆனா பீரோல வெச்சு பூட்டிட்டுத்தான் வாலாஜாவுக்கு பஸ் ஏறுவாரு.

அட்ட பத்திரமா இருந்துச்சு, ஆனா ரேட்டு வெளிய போயிடுச்சு. டெஸ்பாட்ச்ல புதுசா சேந்த பையனுக்கு போன் வந்திருக்கு, "தம்பி, மெட்ராஸ்ல பையிங் ஏஜென்ட் ஆபீஸ்ல இருந்து பேசுறேன், உங்க இன்வாய்ஸ் காப்பி மிஸ் ஆயிடுச்சு, போன லாட்டு எத்தன சதுர அடி, இன்னா ரேட்டு, கொஞ்சம் பாத்து சொல்லுப்பா"ன்னு. ஆர்டர் நம்பர கூட அந்தாளு கரெக்டா சொன்னதால இவன் ஃபைல எடுத்து வரிவரியா படிச்சிட்டான். அடுத்த சீசன்ல வேற ஒரு ஷாப்புக்காரர் அதே ஆர்ட்டிகிளுக்கு, அதாவது அதே தோல் ரகத்துக்கு, நம்ம ரேட்டுக்கு ஒட்டி கீழ போட்டு பாதி ஆர்டர தூக்கிட்டாரு. ஏஜென்ட் ஆபீஸ்ல கேட்டா, நாங்க யாரும் போனே பண்ணலங்கன்னாங்க. பையன வேலய விட்டு அனுப்பிட்டாங்க, போன் பண்ண வெச்சவருக்கு ஒண்ணுமே ஆகல. எனக்கு இன்னமும் வயிறு எரியுது.

2006ல அமெரிக்காவுல ஹெச்பி கம்ப்யூட்டர் கம்பெனில நடந்ததும் இதே வேலதான். போர்டு மீட்டிங் விஷயம் பத்திரிகைக்கு லீக் ஆவுதுன்னு சேர்பர்சன் பட்ரீசியா டன் விசாரணை வெச்சாங்க, டிடெக்டிவ் ஆளுங்க டைரக்டர்ஸ் பேர்லயும் ரிப்போர்ட்டர்ஸ் பேர்லயும் போன் கம்பெனிக்கு பொய்யா பேசி கால் ரெக்கார்ட வாங்கிட்டாங்க. சட்டப்படிதான் நடக்குதுன்னு நம்புனேன்னு சொன்ன அந்தம்மாவுக்கு பதவி போச்சு, ஆனா அவங்க மேல போட்ட கேஸு 2007ல தள்ளுபடி ஆயிடுச்சு. ஃபெடரல் கோர்ட்ல மொதல்ல குத்தத்த ஒத்துக்கிட்டு நின்னது கீழ்மட்டத்துல வேல பாத்த ஒரு டிடெக்டிவ்.

அதே 2006ல கோக்கோட ரகசியத்த விக்கிறோம்னு பெப்சிக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. பெப்சிக்காரங்க அத நேரா கோக் கிட்டயே குடுத்துட்டாங்க, எஃப்பிஐ வந்து ஆளுங்கள புடிச்சது. வாங்குறவன் வேணாம்னா இந்த யாவாரமே படுத்துடும், அதனால என்னப் பொறுத்தவரைக்கும் மொதல் குத்தவாளி காசு குடுத்து வாங்குற மொதலாளிதான்.

நம்ம நாட்ல தொழில் ரகசியத்துக்குன்னு தனிச் சட்டம் கிடையாது, ஒப்பந்தம், ஐடி ஆக்ட் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) மாதிரி வேற வழிய வெச்சுத்தான் கேஸு போடணும். அதனால புதுசா சேர்ற பசங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுங்க: யாரு ரேட்டு கேட்டாலும் "வெச்சிடுங்க சார், ஃபைல்ல இருக்கிற நம்பருக்கு நாங்களே கூப்புடுறோம்"னு சொல்லணும். சொல்லிக் குடுக்காம பையன் தலைல பழியப் போடறது அநியாயம்.

ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கம் டெஸ்பாட்ச், மெர்ச்சன்டைசிங்ல இருக்கிறவங்க யாருக்காவது இப்படி போன் வந்திருந்தா, எப்படிப் பேசுனாங்க, எத மொதல்ல கேட்டாங்கன்னு எழுதுங்கப்பா.