நெட் கெல்லி படம் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிரலாம்

கிரெகர் ஜோர்டன் இயக்கி 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'நெட் கெல்லி' திரைப்படத்தைச் சென்ற மாதம் மூன்றாவது முறையாகப் பார்த்தேன். முதல் முறை பார்த்தபோது நெட் கெல்லி யார் என்றே எனக்குத் தெரியாது. ஹீத் லெட்ஜர் நடித்திருக்கிறார் என்பதற்காகவே உட்கார்ந்தேன். அயர்லாந்தின் டிப்பரரியிலிருந்து பன்றி திருடிய குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்ட ஒருவருக்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் மகனாகப் பிறந்து, 25 வயதில் தூக்கிலிடப்பட்ட ஒரு கொள்ளையனை அந்நாட்டில் பலர் இன்றும் தம் வீட்டுப் பிள்ளையைப் போல் பேசுவது ஏன் என்ற கேள்வி அன்று என்னைப் பற்றிக்கொண்டது.

என்னை முதலில் உலுக்கியது தாய் எல்லனின் கதை. 1878 ஏப்ரலில் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற காவலர் நெட்டின் தம்பி டேனைக் கைது செய்ய அவர்கள் வீட்டுக்குத் தனியாக வருகிறார். அங்கே என்ன நடந்தது என்பதில் இரு தரப்பும் சொல்வது வேறு வேறு. ஆனால் அதன் விளைவாகக் கைக்குழந்தையுடன் இருந்த எல்லனுக்கு நீதிபதி ரெட்மண்ட் பாரி 3 ஆண்டு சிறை விதித்தார் என்பதில் ஐயமில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து நெட்டுக்குத் தூக்குத் தண்டனை விதித்தவரும் அதே பாரிதான். பெரும்பண்ணையாளர்கள் வளமான நிலத்தைப் பிடித்துவைத்திருக்க, கிடைத்த துண்டு நிலத்தில் பாடுபட்ட ஏழைக் குடும்பங்களுக்குக் காவல்துறையின் மேல் இருந்த கசப்பு படத்தின் அந்தப் பகுதியில் எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஆயினும் படத்தின் மீது எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. நவோமி வாட்ஸ் ஏற்ற ஜூலியா குக் என்ற பாத்திரமும், அவளுக்கும் நெட்டுக்கும் இடையிலான உறவும் கற்பனை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 1878 அக்டோபர் 26 அன்று ஸ்ட்ரிங்கிபார்க் ஓடையருகே கெல்லி கும்பல் சுட்டுக் கொன்ற கென்னடி, லோனிகன், ஸ்கான்லன் ஆகிய மூன்று காவலர்களும் அயர்லாந்தில் பிறந்தவர்கள் என்பதைப் படம் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அயர்லாந்துக்காரர்களை ஆங்கிலேயர் ஒடுக்கிய கதை என்றே அதுவரை நம்பியிருந்த எனக்கு அந்தச் செய்தி தூக்கத்தைக் கெடுத்தது.

அதற்கு நெட்டிடமே ஒரு பதில் இருந்தது. 1879 பிப்ரவரியில் ஜெரில்டெரி ஊரின் வங்கியைக் கொள்ளையிட்டபோது, அவன் சொல்லச் சொல்லக் கும்பலைச் சேர்ந்த ஜோ பர்ன் எழுதிய ஒரு நீண்ட கடிதத்தை அச்சிட்டு வெளியிட விரும்பினான். அச்சகக்காரர் ஓடிவிட்டதால் அது வங்கிக் கணக்கரின் கைக்குப் போனது. முழுமையாக அச்சேறியது 1930இல்தான். அதில் காவலர்களை வோம்பாட் என்ற விலங்கின் தலையர்கள், மேக்பை பறவையின் கால்களை உடையவர்கள் என்று திட்டித் தீர்த்துவிட்டு, காவல் உடை அணியும் அயர்லாந்துக்காரன் தன் முன்னோருக்கும் தன் நாட்டுக்கும் துரோகி என்று குமுறுகிறான். நிறுத்தற்குறிகூட இல்லாமல் மூச்சு விடாமல் ஓடும் அந்தக் குரலில் கேலியும் கொலைவெறியும் நீதி கேட்கும் தவிப்பும் ஒன்றாகக் கொதிக்கின்றன. திரையில் நான் கண்ட நெட் அமைதியானவன், அழகானவன், துயரம் தோய்ந்தவன். கடிதத்தில் இருக்கும் மனிதனைக் கண்டு நான் பயந்தேன், அவனுக்காக அழவும் செய்தேன். இந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் இங்கு உண்டா?

●

நான் படித்திருக்கிறேன். மெல்பர்னில் வசிப்பதால், மாநில நூலகத்தில் நெட்டின் இரும்புக் கவசத்தைப் பார்த்த பிறகு அந்தக் கடிதத்தைத் தேடிப் படித்தேன். கலப்பையில் மண்ணைப் புரட்டும் வளைந்த தகடுகளை அடித்து இணைத்த கவசம் அது. எடை ஏறத்தாழ 44 கிலோ. படத்தில் அதைக் கண்டபோது வியப்பு மட்டுமே இருந்தது. நேரில் கண்டபோது, தொடைக்குக் கீழே எதுவும் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. 1880 ஜூன் 28 அதிகாலையில் கிளென்ரோவன் என்ற ஊரில் காவலர்கள் அவனை வீழ்த்தியது கால்களில் சுட்டுத்தான்.

பின்னர் ஒரு விடுமுறையில் கிளென்ரோவனுக்கும் சென்றேன். கும்பல் இருந்து சண்டையிட்ட ஆன் ஜோன்ஸின் விடுதி அன்றே எரிந்துபோனதால் அங்கே இப்போது வெற்றிடம்தான் இருக்கிறது. கும்பல் பெயர்த்துவைத்திருந்த தண்டவாளத்தை நோக்கிக் காவலர்களுடன் வந்த ரயிலை, சிவப்புத் துணிக்குப் பின்னால் மெழுகுவத்தியைப் பிடித்துக் காட்டி நிறுத்திய பள்ளி ஆசிரியர் தாமஸ் கர்னோவை அந்த இடத்தில் நின்று நினைத்துக்கொண்டேன். அவர் அதைச் செய்யாதிருந்தால் அந்த ரயிலில் வந்த எத்தனை பேர் இறந்திருப்பார்கள்! அதேபோல், விடுதிக்குள் பிணையாக இருந்த ஆன் ஜோன்ஸின் சிறு வயது மகன் காவலர்களின் குண்டுக்குப் பலியானதையும் மறக்க முடியவில்லை.

பெனல்லாவின் அருங்காட்சியகத்தில் பச்சைப் பட்டு இடைக்கச்சை ஒன்று இருக்கிறது. ஏவனெலில் ஓடையில் மூழ்கிய ஷெல்டன் குடும்பத்துச் சிறுவனைக் காப்பாற்றியதற்காக, பத்து வயதைக் கடந்திருந்த நெட்டுக்கு அக்குடும்பம் அளித்த பரிசு அது. கடைசிச் சண்டையிலும் அவன் கவசத்துக்குள் அணிந்திருந்தது அதைத்தான். இதைப் பார்க்கப் போகிறவர்கள் அருகிலுள்ள மேன்ஸ்ஃபீல்டுக்கும் தயவுசெய்து செல்லுங்கள். நீங்கள் குறிப்பிட்ட மூன்று காவலர்களின் நினைவுச்சின்னம் அவ்வூரின் நடுச்சாலையில் நிற்கிறது. அவர்கள் பெயர்களை வாய்விட்டுப் படித்தேன்.

●

எனக்கு நெட் கெல்லி அறிமுகமானது வேறொரு படத்தின் வழியாக. சார்ல்ஸ் டெய்ட் இயக்கி, 1906 டிசம்பர் 26 அன்று மெல்பர்ன் அத்தீனியம் அரங்கில் முதலில் திரையிடப்பட்ட 'தி ஸ்டோரி ஆஃப் தி கெல்லி கேங்' ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று அது போற்றப்படுகிறது. நெட் இறந்து 26 ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், அவனை நேரில் அறிந்தவர்கள்கூட அதைப் பார்த்திருக்கக்கூடும். அடுத்த ஆண்டே, கெல்லி கும்பல் திரிந்த பகுதியின் ஊர்களான பெனல்லாவிலும் வாங்கரட்டாவிலும் அதைத் திரையிட அரசு தடை விதித்தது. யுனெஸ்கோ 2007இல் தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்த அந்தப் படத்தில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 17 நிமிடம் மட்டுமே.

அதைக் கணினியில் இரவு நேரத்தில் தனியாகப் பார்த்தேன். படச்சுருள் சிதைந்து, திரை முழுவதும் கொப்புளங்களும் கறைகளும் நெளிகின்றன. அவற்றின் நடுவே, கவசம் அணிந்த உருவம் தள்ளாடியபடி சுட்டுக்கொண்டே நம்மை நோக்கி நடந்து வருகிறது. சில கணங்கள் கறை அதை விழுங்குகிறது, மறுபடி தெரிகிறது, பிறகு கால் மடங்கி விழுகிறது.