சுபாரு ஓல்-வீல்-டிரைவ்: ஓல்-சீசன் டயர் போடலாமா? எவ்வளவு காற்று?

வாவிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். சுபாரு ஃபொரெஸ்டர், சிவிடி எனும் ஒட்டோ கியர், டயர் 225/60 ஆர்17. ஓட்டம் பெரும்பாலும் மட்டக்களப்பு – கல்முனை – அம்பாறை தார் வீதி. கிழமைக்கு ஒருக்கா வெல்லாவெளிப் பக்கம் வயலுக்கு, கிரவல் வீதி. இடைக்கிடை பொத்துவில் கடற்கரை மணல். முன் டயர் இரண்டிலும் பூ (வீதியைத் தொடும் வெட்டுகளின் ஆழம்) 3 மில்லிமீற்றருக்குத் தேய்ந்துவிட்டது, பின்னுக்கு 5 இருக்கு. ஒரு கடையில் முன்னுக்கு மட்டும் இரண்டு புதுசு போடச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் ஜப்பானில் பாவித்த ஓல்-சீசன் நான்கு இருக்காம். கதவுத் தூணில் முன் 230, பின் 220 கிலோபாஸ்கல் என்று ஒட்டியிருக்கு. கடையில் நாலுக்கும் 40 பிஎஸ்ஐ அடிக்கிறார்கள். மாரிக்கு முதல் மாற்ற வேணும். தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கோ.

கராஜ்_களுவாஞ்சிக்குடி:
தம்பி, இரண்டு மட்டும் வாங்காதீங்க. பூ 1 மில்லிமீற்றர் குறைந்தால் சக்கரத்தின் சுற்றளவு 6.3 மில்லிமீற்றர் குறையும். நாலு சக்கரத்துக்கும் இடையில் சுபாரு விடுகிற வித்தியாசமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். உங்கட காரில் முன்னுக்கும் பின்னுக்கும் இப்பவே 12 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம். 8 மில்லிமீற்றர் பூவுள்ள புது டயரை முன்னுக்குப் போட்டால் அது 19 ஆகும்.

இதனால் என்ன நடக்கும்? சிவிடி ஃபொரெஸ்டரில் பின் சக்கரத்துக்குப் பலத்தை அனுப்புவது கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் பல தட்டுக் கிளச். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால், நேர் வீதியில் போகும்போதுகூட அந்தத் தட்டுகள் ஓயாமல் உரசும். எண்ணெய் சூடாகும், தட்டு தேயும். ஸ்டியரிங்கை முழுக்க வெட்டி மெதுவாகத் திரும்பும்போது பிரேக் பிடித்தது போல இழுத்து உதறினால், உரசல் தொடங்கிவிட்டது என்று எடுங்க. அந்தக் கிளச் வேலைக்குப் போகும் காசோடு பார்த்தால் நாலு டயரின் விலை பெரிதில்லை.

பூவின் ஆழத்தை மட்டும் நம்பாமல், நாலுக்கும் ஒரே காற்று வைத்து, ஜக்கில் தூக்கி, நடுப்பூவைச் சுற்றித் தையல் டேப்பால் அளந்து பாருங்க. காசு மட்டு என்றால், விலை உயர்ந்த இரண்டை விட நடுத்தர விலையில் ஒரே கம்பனி, ஒரே மாதிரி நாலு போடுவது எவ்வளவோ நல்லது. பிறகு 8,000 – 10,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா முன்னும் பின்னும் மாற்றுங்க. தேய்மானத்தைச் சமமாக வைத்திருக்க வேறு வழி இல்லை.

உஹன_வீதி:
ஓல்-சீசன் பற்றி நான் சொல்றன். அந்த ரப்பர்க் கலவை குளிரிலும் இறுகாமல் இருக்கச் செய்தது. மூன்று சிகரமும் பனித்துகளும் உள்ள படம் பக்கச் சுவரில் இருந்தால் அது பனிப் பரீட்சை பாஸான டயர். எம்+எஸ் என்று மட்டும் இருந்தால் அது கம்பனி தானே போட்டுக்கொள்ளும் அடையாளம். எங்கட வெயிலில் மென்மையான கலவை சுறுக்கெனத் தேயும், சூடான தாரில் பிரேக் தூரமும் கூடும். ஜப்பானில் இருந்து வருகிற பாவித்தவற்றில் ஸ்டட்லெஸ் எனும் பனிக்கால டயரும் கலந்திருக்கும். பூக்கட்டை முழுக்க நெருக்கமாக நெளிநெளியான வெட்டு இருந்தால் தொடவே வேணாம்.

உங்களுக்கு வேண்டியது, நாலு அகலமான நேர் நீர்க்கால்கள் உள்ள சாதாரண டூரிங் அல்லது எச்டி (தார் வீதிக்கான டயர்) வகை. கிழமைக்கு ஒருக்கா கிரவலுக்கு ஏடி (கரடுமுரடான தரைக்கும் சேர்த்துச் செய்த டயர்) தேவையில்லை. அது பாரம் கூட, சத்தம் கூட, ஈரத் தாரில் பிடிமானம் குறைவு. டயர் தாங்கும் பாரத்தைக் காட்டும் சுமைக் குறியீடு 99க்குக் குறையக் கூடாது. செய்த திகதி தெரிய, பக்கச் சுவரில் இருக்கும் டொட் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க: 2324 என்றால் 2024இன் 23ஆவது கிழமை. பூ எவ்வளவு இருந்தாலும் வயது போன டயர் வேண்டாம், மழையில் வழுக்கும்.

கல்முனை_வீல்:
காற்று விஷயத்தில் ஸ்டிக்கர் சொல்வதுதான் சரி. 230 என்றால் 33 பிஎஸ்ஐ, 220 என்றால் 32. 40 அடித்தால் நடுப்பூ மட்டும் தேயும், கிரவலில் கார் துள்ளும். விடிய, கார் ஓட முதல் அளக்க வேணும். கடைக்கு ஓடிப் போய் அளந்தால் 4, 5 பிஎஸ்ஐ கூடக் காட்டும், அதைத் திறந்து விடாதீங்க. வெயிலில் நிற்கிற பக்க டயரும் கூடத்தான் காட்டும். சுமைக் குறியீடு 103 உள்ள எக்ஸ்எல் (கூடப் பாரம் தாங்கும்) டயர் போட்டால் 2, 3 பிஎஸ்ஐ கூட்டுங்க. நெல் மூட்டை ஏற்றினால் பின்னுக்கும் அப்படித்தான்.

மாரியில் காற்றுக் குறைவதுதான் பெரிய ஆபத்து. தேய்ந்த டயர் தேங்கிய தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தை வைத்து அந்த வேகத்தைக் கணிக்கும் ஹோர்ன் சூத்திரப்படி 32 பிஎஸ்ஐக்கு மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றர், 24க்கு 82. நாலு சக்கரம் இழுத்தாலும் மிதக்கிற டயருக்குப் பிடிமானம் கிடையாது. பிரேக்குக்கும் அதே கதைதான். நவகிரிக் குளத்தின் வான்கதவு திறந்து வெல்லாவெளி – மண்டூர் வீதியில் தண்ணி பாய்ந்தால் டயரை நம்பி இறங்கவே கூடாது.

மணலில் 18 – 20க்கு இறக்கி, 25 கிலோமீற்றருக்குள் ஓட்டுங்க. திடீரென வெட்டித் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழலும். சில்லு சுழன்று புதையத் தொடங்கினால் உடனே அக்சிலேட்டரை விட்டுட்டு, வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுங்க. தார் ஏற முதல் திரும்ப 33/32 அடிக்க 12 வோல்ட் கொம்பிரசர் காரிலேயே இருக்க வேணும். எஞ்சினை ஓடவிட்டு அடியுங்க, பற்றரி இறங்காது.

வாவிக்கரை:
நன்றி அண்ணன்மார். நாலும் எச்டி மாற்றுறன். ஒரு டயர் ஆணி ஒன்றும் இல்லாமலே மாதத்துக்கு 5 பிஎஸ்ஐ இறங்குது, புது டயரிலும் அப்படி ஆகுமா? டிக்கியில் இருக்கிற சின்ன ஸ்பெயார் வீலைப் பாவிக்கலாமா?

கராஜ்_களுவாஞ்சிக்குடி:
ரிம்மைப் பார்க்காமல் போட்டால் ஆகும். உப்புக் காற்றில் அலுமினிய ரிம்மின் விளிம்பு அரித்து, டயர் உட்காரும் இடத்தால் கசியும். டயர் கழற்றும்போதே அந்த விளிம்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பீட் சீலர் (அந்த இடத்தின் கசிவை அடைக்கும் பசை) பூசச் சொல்லுங்க. வால்வும் நாலும் புதுசு போடுங்க.

சின்ன ஸ்பெயாருக்கு 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பிஎஸ்ஐ வேணும். அனேகமான காரில் பாதிதான் இருக்கும். பஞ்சரானால் 80க்கு மேல் போகாமல், கிட்டடி டயர் கடை வரை மட்டும் ஓட்டுங்க. சுற்றளவு வித்தியாசம் அதிலும் இருக்கு. கழற்றுகிற நாலில் நல்லதாக ஒன்றை ஸ்பெயாருக்கென்று வைக்க நினைத்தால் அதுவும் அப்படித்தான்: ஊர் திரும்பும் வரைக்கும் மட்டும்.